நாற்காலிக்குப் பதிலாக நின்றவள்

எங்கள் நாடகக் குழுவில் நான் போய்ச் சேர்ந்தபோது கதாநாயகியாக இருந்தது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை நடக்கும். ஆறு ஆண்கள், எல்லாருக்கும் வேறு வேலை உண்டு, நாடகம் ஆசைக்கு. பெண் வேஷத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு நடிகையைப் பேசி வரவழைப்பார்கள். அந்த அம்மா நாடகத்தன்று சாயங்காலம்தான் வந்து இறங்குவார். அதுவரைக்கும் மூன்று மாதமும் நாற்காலிதான் மனைவி. கதாநாயகன் குடித்துவிட்டு வந்து அதைத் திட்டுவார், அடிக்கக் கை ஓங்குவார், கடைசிக் காட்சியில் அதன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார். மனைவியின் வசனத்தை மட்டும் டைரக்டர் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பார், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி.

நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தென்காசி தனி மாவட்டமான பிறகு மனு அடிக்க வருகிற கூட்டம் கூடிவிட்டது. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று பிறத்தியார் கஷ்டத்தையெல்லாம் அழகாக டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அங்கேதான் எங்கள் டைரக்டர் அண்ணாச்சி ஒருநாள் வந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். அவரே எழுதிய நாடகம், மடங்கிக் கிழிந்த நோட்டு, அதை டைப் அடித்து ஆறு காப்பி வேண்டும் என்றார். குடிகாரப் புருஷன், அடிபடுகிற மனைவி, கடைசியில் புருஷன் திருந்துகிறான். கதை அவ்வளவுதான்.

அடித்து முடித்துவிட்டுச் சும்மா கொடுத்து அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"ஏன் அண்ணாச்சி, மூணாவது சீன்ல இவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நாலாவது சீன்ல காப்பி கொண்டாந்து குடுக்கா. எப்ப திரும்பி வந்தா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"இத்தன வருஷமா இதைப் போடுதோம். ஒருத்தனும் கேக்கலையே" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை மாடிக்கு வாம்மா. வேற என்ன ஓட்டை இருக்குன்னு பாத்துச் சொல்லு."

போனேன். நாற்காலியைப் பார்த்தேன். ஒரு மனிதர் அதனிடம் கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. குற்றாலத்தில் கல்லூரியில் படித்தபோது நானும் மேடை ஏறியவள்தான். பெண்கள் மட்டும் படிக்கிற இடம் என்பதால் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆண் வேஷம். குரல் கனம், உயரமும் கொஞ்சம் கூடுதல், ஆகவே மூன்று வருடமும் ராஜாதான். பசை காய்ந்து மீசை இழுக்கிற அரிப்பு இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. பெண்ணாக ஒருதடவைகூட நடித்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ராஜாவும் போச்சு.

"அண்ணாச்சி, நாற்காலியை எடுங்க. நான் நிக்குதேன். வசனம் பூரா எனக்குத் தெரியும், அடிச்சவ நான்தான" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒத்திகைக்கு மட்டும் நான், நாடகத்துக்கு வெளியூர் அம்மா. மூன்று வருடம் இப்படியே ஓடியது.

அந்த அம்மாவைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குவார், ஒரு பஜ்ஜி சாப்பிடுவார், ஊருக்கு ஒரு நாடகம் போடுகிறவருக்குப் போன வருடத்துக் கதை நினைவிருக்காது, "எத்தனை சீன்? அழுகையா, சண்டையா?" என்று கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்லிக்கொடுப்பேன். தலையை ஆட்டிக்கொண்டே கண்ணுக்கு மை இழுப்பார். அரை மணி நேரத்தில் அத்தனையும் அவர் தலைக்குள் ஏறிவிடும். மேடையில் அவர் அழும்போது படுதாவுக்குப் பின்னால் என் உதடும் கூடவே அசையும். கைதட்டல் கேட்கும்போது மட்டும் வயிறு எரியும். நல்லவள் மாதிரி எழுதுவதில் என்ன பிரயோசனம்? எரிந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறுமுன் கதாநாயகன் அந்த நடிகைக்கு ஒரு புடவையும் வெற்றிலை பாக்கும் வைத்து, எல்லார் முன்னாலும் "தங்கச்சி" என்று கூப்பிட்டுக் கொடுப்பார். அதற்குப் பிறகு குழுவில் அத்தனை பேருக்கும் அந்த அம்மா தங்கச்சிதான். மேடையில் புருஷன் பொண்டாட்டி என்றாலும் கீழே ஒருத்தனும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமுடியாது. நல்ல வழக்கம்தான், எனக்கு அது எமனாக வரும் என்று அப்போது தெரியாது.

நாலாவது வருடம் அந்த அம்மாவுக்குப் போன் போட்டுத் தேதி சொல்லுகிற வேலையை அண்ணாச்சி என்னிடம் கொடுத்திருந்தார். ஒரு வாரம் கழித்து, "என்னம்மா, சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏன், எடுக்கலையா?"

"நான் பண்ணவே இல்ல அண்ணாச்சி. நான்தான் இருக்கேன்லா."

மனிதர் பேச்சை எங்கெல்லாமோ கொண்டு போனார். உள்ளூர்ப் பிள்ளை, கடை வைத்திருக்கிறாய், நாலு பேர் வந்து போகிற இடம், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் யாருக்குக் கேவலம் என்றெல்லாம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில், "உன் வீட்டுல சரின்னு சொல்லணும். அவனும் ஒத்துக்கிடணும்" என்று கதாநாயகன் பக்கம் கையைக் காட்டினார்.

வீட்டில் என் கணவர் போலீஸ் ஏட்டு. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டார்.

"நடி. வேண்டாம்னு சொல்லல. என்னையப் பாக்கக் கூப்புடாத, அவ்வளவுதான். ஸ்டேஷன்ல தெரிஞ்சிதுன்னா நான் ரிட்டையர் ஆகுத வரைக்கும் ஓட்டுவானுவ."

"நாடகம் உங்களுக்கில்ல, எனக்கு" என்றேன். அன்று ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடியிருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கதாநாயகன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கணீரென்ற குரல், தங்கமான மனசு. விஷயம் தெரிந்ததும் மறுநாள் காலையிலேயே மனைவி, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தாம்பாளத்தில் புடவை, மஞ்சள், வெற்றிலை பாக்கு. என் கணவர் முன்னாலேயே, "இன்னைலேருந்து இவ எனக்குத் தங்கச்சி" என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. கண் கலங்கிவிட்டது. இட்லி சாப்பிட்டுப் போனார்கள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் படியும் கொண்டுவந்து வைத்தார், உண்மையாகவே அண்ணன் ஆகிவிட்டார்.

வினை அங்கேதான் பிடித்தது. வெளியூர் அம்மாவுக்கு அவர் ஒரு சாயங்காலம் மட்டும்தான் அண்ணன். எனக்கோ வருடம் பூராவும். ஒத்திகையில் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றார். முன்பு வெறும் ஒத்திகைக்கு நின்றபோதும் பார்த்ததில்லைதான், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நாற்காலியை எடுத்து ஓரத்தில் வைத்திருந்தோம், வசனமெல்லாம் அந்த ஓரத்துக்கே போயிற்று. அடிக்கிற காட்சியில் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளிக் காற்றில் கையை வீசினார், ஈ ஓட்டுகிற மாதிரி இருந்தது. மன்னிப்புக் காட்சியில் நான் கிழக்கே நின்று அழுதால் அவர் மேற்கே மண்டியிட்டார். நாற்காலியை மாடியிலிருந்து கீழேயே அனுப்பினேன். அது இருந்த வெறும் தரையைப் பார்த்து உருகினார்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணே, நான் இங்கன நிக்கேன். நீங்க யார்கிட்ட பேசுதிய?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "காலைல உன் வீட்டுல இட்லி திங்கேன். மத்தியானம் உன் மூஞ்சியப் பாத்து பொண்டாட்டின்னு பேசுனா என் வாய் விளங்குமாம்மா?"

"மேடையில நான் உங்க தங்கச்சி இல்ல அண்ணே. நாற்காலியும் இல்ல."

"தெரியுது. முடியலையே."

அண்ணாச்சி நோட்டை மூடினார். அவர் கத்துகிறவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "இந்தத் தடவ குற்றாலத்துல ஒத்துக்கிட்டாச்சு, மாத்த முடியாது. அன்னைக்கு இந்தக் கடைசி சீன் உக்காரலைன்னா அடுத்த வருஷம் பழையபடி வெளியூருக்குத்தான் போன் போடணும். கோவிச்சுக்கிடாத."

கோபப்படாமல் என்ன செய்வேன்? வசனம் எனக்குத் தெரியும், அழுகை எனக்கு வரும், யாரோ ஒருவர் என்னைப் பார்க்கமாட்டேன் என்பதற்காக நான் திரும்பவும் படுதாவுக்குப் பின்னால் போகவேண்டுமா? வீட்டில் கண்ணாடி முன் நின்று அவர் வசனத்தையும் நானே பேசி, என் வசனத்தையும் நானே பேசிப் பழகினேன். கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரல் போகிறதா என்று பார்த்தேன். மனு அடிக்க வந்த ஒரு அம்மா, "என்ன தாயி, வீட்டுல சண்டையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆடித் தொடக்கத்தில் சாரல் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் சீசனுக்கு மேடை போட்டு நடக்கிற கலைநிகழ்ச்சியில் எங்களுக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை. கூட்டம் என்றால் குளித்துவிட்டு வந்த கூட்டம். தலையில் ஈரத் துண்டு, கையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. எண்ணெய்க் குளியல் வாசனை மேடை வரைக்கும் வந்தது. ஐந்தருவிக்குப் போகிறவர்களும் பஸ் வருகிறவரைக்கும் நின்று பார்ப்பார்கள். யாரும் எங்களுக்காக வந்தவர்கள் இல்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

படுதா ஓரமாக எட்டிப் பார்த்தேன். கூட்டத்தின் வலதுபக்கம் காக்கிச் சட்டையில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். பந்தோபஸ்து டூட்டி. யாரையும் அவர் கேட்கவில்லை, அதிகாரி போட்டுவிட்டார். பார்க்க வரமாட்டேன் என்று சபதம் போட்டவரை அரசாங்கமே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

முதல் மூன்று காட்சி ஒருவிதமாகப் போனது. "பத்து வருஷம் ஒம்மோட குடும்பம் நடத்திட்டேன்" என்று முதல் காட்சியில் ஒரு வசனம் உண்டு, அதற்குச் சில பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணன் என் தோள்பட்டையைப் பார்த்தார், புடவைக் கரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அடிக்கிற காட்சியில் கூட்டத்தில் யாரோ, "ஏலே, காத்தடிக்கான்லே!" என்று கத்தினான். நாலைந்து பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள்.

கடைசிக் காட்சி. மேடையில் மாமனார் உட்காருவதற்கென்று ஒரு மர நாற்காலி நடுவில் கிடந்தது, அதற்கு மேலேதான் மைக் தொங்கியது. நான் இடதுபக்கம் நின்று அழுகிறேன். அண்ணன் வந்தார். நான் நினைத்தது தவறவில்லை, நேராக அந்த நாற்காலியின் முன்னால் போய் மண்டியிட்டார்.

அந்த நொடியில் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? நாலு எட்டில் நடந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தலையைத் தூக்கினார். என் முகம் அவர் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. பார்க்காமல் இருக்க இடமே இல்லை. பார்த்தார். "என்னைய மன்னிச்சிரு புள்ள" என்பதுதான் வசனம்.

"என்னைய மன்னிச்சிரு தங்கச்சி" என்றார்.

மைக் அதைக் குற்றாலம் முழுக்கக் கேட்கவைத்தது. சிரிப்பு வெடித்தது. விசில் வந்தது. பஜ்ஜிக் கடைக்காரர்கூடச் சிரித்தார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. படுதா ஓரத்தில் டைரக்டர் அண்ணாச்சி கயிறு பிடிப்பவரிடம் திரையை இழுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். கயிறு அசைந்தது.

நான் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கம் கையை நீட்டினேன், இழுக்காதீர்கள் என்று. மூன்று வருடம் ஓரத்தில் நின்றவள் நான். ஒரு சிரிப்புக்காக இறங்கிப்போக எனக்குச் சம்மதமில்லை. சிரிப்பு முழுசாக ஓயட்டும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. என்ன பேசப்போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"பொண்டாட்டியா இருந்த பன்னெண்டு வருஷமும் கைய ஓங்குனிய" என்றேன். "தங்கச்சின்னு நெனச்சாவது இனிமே ஓங்காம இருப்பியளா?"

சிரிப்பு அப்படியே நின்றது. தூரத்தில் அருவி விழுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நல்லாக் கேளுட்டி!" என்றாள். கத்தவில்லை, அடித்தொண்டையிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண் குரல்கள்.

அண்ணன் அழுதுவிட்டார். அது நடிப்பில்லை. "ஓங்க மாட்டேன். ஓங்கவே மாட்டேன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அது நோட்டில் இல்லாத வசனம். அதற்கப்புறம்தான் திரை விழுந்தது. கைதட்டல் வந்தது. இந்தத் தடவை மேடை நடுவில் உட்கார்ந்தபடி கேட்டேன். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேஷம் கலைக்கிற இடத்தில் அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். டைரக்டர் அண்ணாச்சி நோட்டை என் கையில் கொடுத்து, "அந்த ரெண்டு வரியையும் உள்ள ஏத்திரும்மா" என்றார். "'தங்கச்சி'ன்னு அவன் சொன்னதுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது இல்லாம இது எங்க நிக்கும்?" என்றார். மறுநாள் கடை திறந்ததும் வேறு எந்த மனுவையும் தொடாமல் முதலில் அந்தப் பக்கத்தை அடித்தேன்.

அன்று டூட்டி முடிந்து என் கணவர் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். சாரல் முகத்தில் அடித்தது. தென்காசி எல்லை வரைக்கும் ரோட்டையே பார்த்து ஓட்டினார். ஸ்டேஷனில் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மொத சீன்ல பத்து வருஷம்னுதான வந்துது?" என்றார் திடீரென்று.

"ஆமா."

"கடைசில பன்னெண்டுன்னுட்ட."

நான் அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம்.

"வாய் தவறி வந்துட்டு" என்றேன்.

கடைத்தெரு விளக்கு தெரிந்தது. "அடிச்சதில்ல" என்றார். அப்புறம் வண்டியின் வேகம் குறைந்தது. "ஒரு தடவ ஓங்கினேன்லா."

அது எங்களுக்குக் கல்யாணமான மூன்றாவது வருடம். அவர் மறந்திருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"ஓங்கினிய" என்றேன். அவர் வண்டியை எங்கள் தெருவுக்குத் திருப்பினார்.

இந்த வருடம் சுரண்டையில் நாடகம். வெளியூருக்கு யாரும் போன் போடவில்லை. அண்ணன் இப்போது முதல் காட்சியிலிருந்தே என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், கடைசியில் வேண்டுமென்றே "தங்கச்சி" என்கிறார். நான் கூப்பிடவில்லை, ஆனாலும் என் கணவர் லீவு போட்டுவிட்டு, காக்கி இல்லாமல், வேட்டி சட்டையோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் ஸ்டேஷன்காரர்கள் இரண்டு பேர்.

அண்ணன் மண்டியிட்டு, "என்னைய மன்னிச்சிரு தங்கச்சி" என்றார். சுரண்டையும் விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்டேஷன்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. அடுத்த வரி என்னவென்று தெரிந்தவராகக் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

நான் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தேன். பிறகு என் வசனத்தைச் சொன்னேன்.